புதுப்பிப்பு: புரோலாஜிக் ரிசீவரின் பின் ஸ்பீக்கர்கள் பேசிவிட்டன

கும்பகோணம் வீட்டிலுள்ள பழைய டால்பி புரோலாஜிக் ரிசீவரில் (ஸ்டீரியோ ஒலியிலிருந்து பின்பக்க ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) பின் ஸ்பீக்கர்கள் மட்டும் ஊமையாக இருக்கின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். ரிசீவரில் கோளாறே இல்லை.

1987இல் வந்த புரோலாஜிக்கிற்குப் பின்பக்க ஒலி தனி ஒயரில் வராது. இடது, வலது ஒலி இரண்டுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் (ஒன்றில் அலை மேலே போகும்போது மற்றதில் கீழே) ஒளிந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துத்தான் ரிசீவர் பின்னால் அனுப்பும். பெரிய தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒரே வரியில் முடித்தார்: "ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் போனா, கழிச்சா என்ன தம்பி மிஞ்சும்?"

செட்டாப் பாக்ஸ் மெனுவில் ஆடியோ 'மோனோ', அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி, என்று இருந்தது. 'ஸ்டீரியோ' ஆக்கினேன், அவ்வளவுதான். இப்போது படத்தில் மழை பெய்தால் சோபாவுக்குப் பின்னால் சலசலக்கிறது. வசனம் முன்னாலேயே நிற்கிறது.

அப்புறம், பின்னால் விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கச் சொன்னவர்களுக்கு: அங்கே இரண்டிலும் ஒரே ஒலிதான், அதுவும் 7 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்கு மேலான கீச்சு ஒலி வராது. கையில் இருக்கும் சின்னப் பெட்டியே போதும்.

டிஜிட்டல் கன்வெர்ட்டர் (டிவியின் டிஜிட்டல் ஒலியைப் பழைய ரிசீவருக்கு ஏற்ற அனலாக் ஒலியாக்கும் பெட்டி) வழியாக டிவியை இணைப்பவர்கள், டிவியின் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம்மில் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) வையுங்கள்.