கார் இல்லாமல் வாழ: ஸ்டேஷன் பக்கமா, கடைத்தெரு பக்கமா?

குறுக்குவழி:
இரண்டு புறநகர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'அ'வில் ரயில் நிலையம் 400 மீட்டர். ஆனால் பலசரக்கு, மருந்துக்கடை, பள்ளி எல்லாம் 1.3 கி.மீ. தள்ளி, நடுவில் ஆறு வழிச் சாலை. 'ஆ'வில் அதெல்லாம் 500 மீட்டருக்குள். ரயில் நிலையம் 2.5 கி.மீ., 20 நிமிடத்துக்கு ஒரு பஸ். வாரத்தில் ஐந்து நாள் ரயிலில் வேலைக்குப் போகணும். கார் வாங்குவதாக இல்லை. எது சரி?

தண்டவாளம்:
'அ'. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு ஷட்டர் இறங்கிவிடும். பஸ் ரூட்டை ஒரே சுற்றறிக்கையில் மாற்றிவிடலாம். தண்டவாளத்தை அப்படிப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. ஸ்டேஷன் இருக்கிற இடத்துக்குக் கடைகள் தானாக வரும். ஜப்பானில் தனியார் ரயில் கம்பெனிகளே ஸ்டேஷனை ஒட்டி சூப்பர் மார்க்கெட் நடத்துகின்றன. வேலை முடிந்து இறங்கும்போதே காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கலாம்.

தெருமுனை:
ஜப்பானில் வருகிறது, சரி. அங்கே ஸ்டேஷன் வாசலில் இறங்கினால் தெரு. பல ஊர்களில் புறநகர் ஸ்டேஷன் வாசலில் இறங்கினால் கார் நிறுத்தும் மைதானம். சில இடங்களில் ஸ்டேஷனே நெடுஞ்சாலையின் நட்ட நடுவில், பாலம் ஏறித்தான் வெளியே வரணும். அங்கே எந்தக் கடைக்காரர் வருவார்? குறுக்குவழி சொன்ன 'அ'வில் ஸ்டேஷன் இருந்தும் கடை 1.3 கி.மீ. தள்ளி இருக்கிறதென்றால், "தானாக வரும்" என்ற வாதம் அந்த ஊரிலேயே பொய்த்துப்போயிருக்கிறது.

பல பயணக் கணக்கெடுப்புகளில் வேலைக்குப் போவது மொத்தப் பயணங்களில் பாதிகூட வராது. மீதி பள்ளி, கடை, மருத்துவர். கார் வாங்கவைப்பது அந்த மீதிதான்.

வரைபடக்காரன்:
கணக்கே போட்டுவிடலாமே. நடை வேகம் மணிக்கு 5 கி.மீ. என்று வைப்போம்.

ஸ்டேஷனுக்கு: 'அ' 5 நிமிடம். 'ஆ'வில் பஸ் என்றால் நிறுத்தத்துக்கு நடை 3, சராசரிக் காத்திருப்பு 10 (இடைவெளியில் பாதி), ஓட்டம் 10, ஆக 23. வித்தியாசம் 18. போக வர, ஐந்து நாள்: வாரம் 180 நிமிடம்.

கடைக்கு: 'அ' ஒரு வழி 15.6, 'ஆ' 6. போய்வர 19 நிமிட வித்தியாசம். சிக்னல் நிற்பது இரண்டு தடவை, 2 நிமிடம் சேர்த்தால் 21.

ஆக வாரத்தில் ஒன்பது தடவையாவது கடை, பள்ளி என்று போய்வருவீர்கள் என்றால் 'ஆ'. அதற்குக் கீழே 'அ'. குழந்தையைப் பள்ளியில் விட்டு, மாலையில் கூட்டிவரும் வீட்டுக்கு அது மட்டுமே வாரம் பத்து.

இன்னொன்று. 'ஆ'விலிருந்து 2.5 கி.மீ. சைக்கிளில் 10 நிமிடம், பூட்ட 2. வித்தியாசம் 7 ஆகிவிடும், வாரம் 70 நிமிடம். அப்போது நாலு தடவை கடைக்குப் போனாலே 'ஆ' ஜெயிக்கும். ஆகவே ஸ்டேஷனில் கூரையோடு, சட்டத்தைப் பூட்டுகிற மாதிரி சைக்கிள் ஸ்டாண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். முன்சக்கரத்தை மட்டும் செருகும் கம்பி உதவாது. சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

தண்டவாளம்:
சராசரியை வைத்துக்கொண்டு வாழ முடியாது ஐயா. 20 நிமிட பஸ் ஒன்று வராமல் போனால் 40 நிமிடம். அதோடு ரயிலும் போய்விடும். இரண்டு வண்டி மாறுகிற பயணத்தில் எந்த ஒன்று தாமதித்தாலும் மொத்தமும் கவிழும். இரவு 9 மணிக்குமேல், ஞாயிற்றுக்கிழமை, அந்த "20 நிமிடம்" என்ன ஆகிறது என்று டைம்டேபிளைப் பார்த்தீர்களா? வார நாள் காலை அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு வீடு பிடிப்பவர்கள்தான் ஆறாவது மாதம் கார் ஷோரூமில் நிற்கிறார்கள்.

தெருமுனை:
ஞாயிறு அட்டவணை விஷயம் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். கூடவே இன்னொரு பொறி: நிறுத்தத்தில் நாலு ரூட் எண் போட்டிருக்கும், "5 நிமிடத்துக்கு ஒரு பஸ்" என்பார்கள். அடுத்த ஜங்ஷனில் நாலும் நாலு திசையில் பிரியும். உங்களுக்கு வேண்டியது அதில் ஒன்றுதான்.

வரைபடக்காரன்:
மதிப்பெண் தளங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். வாக் ஸ்கோர் (ஒரு முகவரியிலிருந்து எதற்கெல்லாம் நடந்தே போகலாம் என்று மதிப்பெண் போடும் தளம்) 5 நிமிட நடைக்குள் இருக்கும் இடங்களுக்கு முழுப் புள்ளி தரும், தூரம் கூடக்கூடக் குறைத்து 30 நிமிடத்தில் பூஜ்யமாக்கும். நடைபாதை உடைந்திருக்கிறதா, சாலையில் வண்டி எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்ரூட்சர்வீஸ் தளத்தில் "10 நிமிட நடை" எல்லையை வரைந்து பார்க்கலாம். ஸ்டேஷனைச் சுற்றி 800 மீட்டர் வட்டத்தின் பரப்பு 2 ச.கி.மீ.; அதில் எவ்வளவு பங்கு உண்மையில் 800 மீட்டர் நடைக்குள் அடங்குகிறது என்பதுதான் முக்கியம். 80 சதவீதமாவது இல்லாத ஊரை நான் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன்.

தெருமுனை:
80 எங்கிருந்து வந்தது? தெருக்கள் பிசிறில்லாத சதுரக் கட்டமாக இருந்தாலே, நடந்து எட்டும் இடம் வட்டமாக வராது. சாய்த்து வைத்த சதுரமாகத்தான் வரும். அதன் பரப்பை வட்டத்தால் வகுத்தால் 2/π, அதாவது 64 சதவீதம். மூலைவிட்டத் தெருக்கள் நிறைய இருந்தால்தான் அதைத் தாண்டும். 80 கேட்டால் பட்டியலில் எந்த ஊரும் மிஞ்சாது. 55, 60 வந்தாலே அருமை. முட்டுச்சந்து வளாகங்களில் 30க்குக் கீழே போகும். ஜன்னலில் தெரிகிற கடைக்குச் சுற்றுச்சுவரைச் சுற்றிக்கொண்டு ஒரு கி.மீ. நடக்கணும்.

வரைபடக்காரன்:
64 சரிதான், 80ஐ வாபஸ் வாங்குகிறேன். எளிய மாற்று: வீட்டிலிருந்து கடைக்கு நடைத் தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுங்கள். 1.3 வரை நல்லது. 1.6 தாண்டினால் நடுவில் ஏதோ மறிக்கிறது. கால்வாய், தண்டவாளம், கேட் போட்ட குடியிருப்பு, இவற்றில் ஒன்று.

நிழற்பக்கம்:
மூன்று பேரும் மேஜையிலேயே உட்கார்ந்து பேசுகிறீர்கள். அந்த ஆறு வழிச் சாலையைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

வழிக்கு 3.5 மீட்டர், ஆறு வழி 21 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 17.5 நொடி. வயதானவர் 0.8 என்றால் 26 நொடி. சிக்னலில் நடப்பவருக்கான பச்சையும், அது மினுக்கும் நேரமும் சேர்ந்து எத்தனை நொடி என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கணும். 20 நொடிதான் என்றால் பாட்டியும் பேரனும் நடுத்திட்டில் மாட்டுவார்கள். திட்டு 2 மீட்டராவது அகலமாக, சக்கரம் போக வெட்டு விட்டு இருந்தால் சமாளிக்கலாம். வெறும் கான்கிரீட் விளிம்பு என்றால் ஸ்ட்ரோலரின் பின்சக்கரம் வண்டிப் பாதையில் நிற்கும். சிக்னல் ஒரு சுற்று முடிய 120 நொடி, இரண்டு கட்டமாகக் கடக்கணும் என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் ஏறக்குறைய ஒரு நிமிடம் போகும். வரைபடக்காரன் போட்ட 2 நிமிடம் 4 ஆகிவிடும்.

நடைமேம்பாலம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். லிப்ட் இல்லாத மேம்பாலம் 10 கிலோ பையோடு வருபவருக்கு நடைபாதையில் சேர்த்தியில்லை. ஜனம் கீழேதான் ஓடும்.

மற்ற சோதனைகள்: காலி ட்ராலியைத் தள்ளிக்கொண்டு கடை வரை போங்கள். எத்தனை இடத்தில் தூக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டைத் தாண்டினால் வாரச் சாமான் அந்த வழியில் வராது. சிறிய சக்கர ட்ராலி ஸ்லாப் இடுக்கிலேயே சிக்கும், 15 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள சக்கரம் பார்த்து வாங்குங்கள். பிற்பகல் 3 மணிக்குப் போங்கள்: வடக்கு தெற்காக ஓடும் தெருவென்றால் மேற்குப் பக்க நடைபாதையில் கட்டட நிழல் விழும். கிழக்கு மேற்காக ஓடும் நீளத் தெருவில் மரம் இல்லையென்றால் வெயில் காலத்தில் அந்த 1.3 கி.மீ.யைக் கார் இல்லாத வீடு நடக்காது, ஆட்டோ பிடிக்கும். இரவு 9 மணிக்கு ஒரு தடவை போய், எத்தனை கடை திறந்திருக்கிறது, எந்த விளக்கு எரியவில்லை என்றும் பாருங்கள்.

தண்டவாளம்:
சாலையைக் கடப்பது கஷ்டம் என்பதால் 'ஆ' சிறந்தது ஆகிவிடாது. சிக்னல் நேரத்தை மாற்றலாம். 2.5 கி.மீ.யைச் சுருக்க முடியுமா?

தெருமுனை:
சுருக்க வேண்டாமே. ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரின் வௌபன் குடியிருப்பில் ஜனம் குடியேறியது 1990களில். டிராம் வந்தது 2006இல். கடையும் பள்ளியும் உள்ளேயே, கார் நிறுத்துமிடம் ஓரத்தில் என்று முதலில் அமைத்தார்கள். அதுவரை சைக்கிளிலும் பஸ்ஸிலும் ஓட்டினார்கள்.

தண்டவாளம்:
நகர மையம் அங்கிருந்து மூன்று நாலு கி.மீ.தான். அதனால் ஓட்ட முடிந்தது. 'ஆ'விலிருந்து வேலையிடம் 25 கி.மீ. என்றால் அந்த உதாரணம் நிற்காது.

நிழற்பக்கம்:
குறுக்குவழி, மூன்று விவரம் சொல்லுங்கள். பள்ளி செல்லும் குழந்தை உண்டா? 'ஆ'விலிருந்து ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் போகும் வழியில் வண்டிகள் 30இல் போகின்றனவா, 60இலா? 'ஆ'வின் கடைசி பஸ் உங்கள் கடைசி ரயிலுக்கு முன்னா, பின்னா?

குறுக்குவழி:
குழந்தை உண்டு, இரண்டாம் வகுப்பு. பாதி தூரம் உட்தெரு, மீதி 50 கி.மீ. வேக சாலை, தனிப்பாதை கிடையாது. கடைசி பஸ் 9.40; நான் வரும் ரயில் வாரம் ஒருநாள் 10.15.

நிழற்பக்கம்:
பள்ளிக்கே வாரம் பத்து தடவை ஆகிவிடும், அப்படியானால் 'ஆ'. அந்த ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி; அந்தச் செலவை வாடகைக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். வீடு பார்க்கும்போது 50 கி.மீ. சாலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கவனியுங்கள். பள்ளியும் வீடும் ஒரே பக்கம் இருக்கணும்.

தண்டவாளம்:
மழைக்காலத்தில் அந்த 50 கி.மீ. சாலையில் சைக்கிள் ஓட்டச் சொல்லமாட்டேன். மழை நாளுக்கு பஸ்ஸின் 23 நிமிடக் கணக்குதான், அதையும் சேர்த்துப் பாருங்கள்.