உப்புவெளி வீட்டை விற்பனைக்குத் தயார்படுத்தியபோது

உப்புவெளியிலிருந்து எழுதும் உறுப்பினர்:

திருகோணமலையில் வீடு விற்க முயன்றவர்கள் பலர் தங்கள் அனுபவங்களை இங்கே எழுதியிருப்பதால், எனக்கு நேர்ந்ததையும் விரிவாகவே எழுதுகிறேன். கடற்கரைக்கு நடந்து ஐந்து நிமிடத்தில் போகக்கூடிய தூரத்தில், 1978 இல் அப்பா கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. காணி 22 பேர்ச். முன்னால் விறாந்தை, பின்னால் கிணறு. அப்பா காலமாகி, அம்மாவும் மட்டக்களப்பில் தங்கையோடு தங்கிவிட்ட பிறகு, பூட்டிக் கிடக்கும் வீடு கறையானுக்கும் உப்புக்காற்றுக்கும் இரையாகிவிடும் என்று அஞ்சி, விற்பதென்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

பார்க்க வந்த தரகர், "முதல்ல பெயின்ற் அடியுங்கோ ரீச்சர், வாற ஆக்கள் அதைத்தான் பாப்பினம்" என்றார். கடல் பக்கத்துச் சுவர்களின் அடிப்பகுதி நெடுங்காலமாகவே உவர் பூத்து, பூச்சு உதிர்ந்து கிடந்தது. அதைச் சுரண்டி, மேலே பட்டி பூசி, வீடு முழுவதற்கும் இளமஞ்சள் நிறம் அடிப்பித்தேன். நடு அறையில் மிகவும் பழுதாகியிருந்த மூலைக்கு முன்னால் அம்மாவின் பெரிய அலுமாரியை நகர்த்தி வைத்தேன். அப்படிச் செய்வது பிழை என்ற எண்ணம் அப்போது எனக்கு வரவில்லை. விருந்தாளி வரும்போது வீட்டை ஒழுங்குபடுத்துவதைப் போலத்தான் நினைத்தேன்.

முதலில் வந்தவர்கள் வவுனியாவைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதியினர். தங்களோடு மேசன் வேலையில் பழுத்த பெரியப்பா ஒருவரையும் அழைத்து வந்திருந்தார்கள். அவர் நிறத்தையோ யன்னலையோ பார்க்கவில்லை. ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் குந்தியிருந்து, தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவர், நடு அறையில் நின்று, "பிள்ளை, இந்த அலுமாரியைக் கொஞ்சம் அரக்கலாமோ?" என்று கேட்டார். அரக்கியபோது, அடித்து இரண்டு மாதம்கூட ஆகாத பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அவர் விரல் பட்டதும் வெள்ளைத் தூளோடு உதிர்ந்து விழுந்தது. அவர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்த பின்னர், "வீடு நல்ல வீடு. உவர் இந்தப் பக்கத்தில எல்லா வீட்டிலயும் இருக்கிறதுதான். மறைச்சுப்போட்டியள், இனி மற்றதுகளை என்னெண்டு நம்புறது?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் படிப்பித்த எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

அதன் பிறகுதான் பாலையூற்றில் இருந்து ஒரு மேசனை அழைத்து, சுவருக்கு என்ன நடக்கிறது என்று கேட்டு விளங்கிக்கொண்டேன். நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் பளிங்காகத் தங்கிப் பூச்சை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. அதன் மேல் காற்றுப் புகாத பெயின்றை அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பழுது இன்னும் விரைவாகிறது. ஆகவே, நான் செலவழித்த காசு சுவரை மேலும் கெடுக்கத்தான் உதவியிருந்தது. அவர் நான்கு அடி உயரம் வரை பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, செங்கல்லை அப்படியே திறந்துவிட்டு, ஆனியிலிருந்து ஆவணி வரை, கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றில் உலரவிடச் சொன்னார். வெளியே வரும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், காய்ந்த தூரிகையால் வாரத்துக்கு ஒரு முறை தட்டி அள்ளிக் கொட்டினோம். வெளிப்புறத்தில், ஆண்டுக்கணக்காகப் பெருக்கிச் சேர்த்த மண் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்ததும், பீலி உடைந்து கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே விழுந்துகொண்டிருந்ததும் அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டன. மண்ணை ஓர் அடி வெட்டி இறக்கி, பீலியை மாற்றிய பின்னரே, கழுவிய ஆற்று மணலும் சுண்ணாம்பும் சிறிதளவு சீமெந்தும் சேர்த்துப் புதிய பூச்சுப் பூசினார். பெயின்றுக்குச் செலவானதைப் போல இரண்டு மடங்கு செலவாயிற்று; ஆயினும் வீட்டுக்காக நான் செய்த செலவுகளில் இதைத்தான் முழு மனதோடு செய்தேன்.

குசினியின் பின்சுவரைக் கொத்தியபோது, என் மஞ்சள் நிறத்துக்குக் கீழே அப்பா ஆணியால் கீறி வைத்திருந்த ஒரு கோடும், 26.12.2004 என்ற திகதியும் தெரிந்தன. சுனாமித் தண்ணீர் எங்கள் வளவுக்குள் வந்து நின்ற உயரம் அது. முழங்காலுக்குச் சற்று மேலே. "இதை விடுறதோ, பூசுறதோ?" என்று மேசன் கேட்டார். நான் அந்த இடத்தைப் பூசாமல் விடச் சொன்னேன். பின்னர் வந்த ஒவ்வொருவரும் எப்படியோ சுனாமி பற்றிக் கேட்டார்கள்; கேட்டவர்களைக் குசினிக்குள் கூட்டிப் போய்க் கோட்டைக் காட்டினேன். காட்டியதால் ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை.

கிணற்றை இறைத்து, சேற்றை அள்ளி, உட்சுவரில் முளைத்திருந்த ஆலங்கன்றைப் பிடுங்கினோம். தண்ணீர் மழைக்காலத்தில் நன்றாக இருக்கும் என்பதையும், ஆடி ஆவணியில் சவர் தட்டும் என்பதையும், குடிப்பதற்குக் குழாய் நீரே என்பதையும் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிடுவேன்.

சாமி அறை பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, என்றாலும் எழுதுகிறேன். திருகோணமலையில் வீடு பார்க்க வருபவர்கள் தமிழராகவோ முஸ்லிம்களாகவோ சிங்களவராகவோ இருக்கலாம் என்பதால், படங்களை எடுத்துவிடும்படி தரகர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை; அம்மாவிடம் கேட்டேன். "விளக்கு வைக்க ஆளில்லாத வீட்டில சாமியைத் தனிய விடாத பிள்ளை, இஞ்ச கொண்டு வா" என்றார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, பொங்கல் படைத்து, படங்களை மட்டக்களப்புக்குக் கொண்டு போனோம். வெறுமையான அந்தச் சிறிய அறையில், அதுவரை படங்கள் மறைத்திருந்த மேற்குப் பக்க யன்னலால் வெளிச்சம் வந்தது. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துத் தாய் அங்கே சிறிது நேரம் நின்றுவிட்டு, "இது தொழுறதுக்கு நல்ல இடம் ரீச்சர்" என்றார். வீட்டை வாங்கியவர்களும் அவர்கள்தான்.

ஆனால் அதற்கு முன் மூன்று மாதங்கள் வீணாகின. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் நாங்கள் கேட்ட விலைக்கே சம்மதித்தது. அவர்களிடம் கனேடியக் குடியுரிமை மட்டுமே இருந்தது. வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்றும், இரட்டைக் குடியுரிமை பெற்ற பின்னரே முன்னேறலாம் என்றும் சட்டத்தரணி விளக்கினார். இங்கே பிறந்தவர்களாயிற்றே என்று நாங்களும் அவர்களும் எண்ணியிருந்தோம். இரு தரப்புக்கும் வருத்தமாகவே முடிந்தது. அந்தக் காத்திருப்பில் ஒரு நன்மையும் இருந்தது. அப்பா மரணசாசனம் எழுதாததால் நாங்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. கனடாவிலுள்ள தம்பியின் அற்றோணித் தத்துவம் (அவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) வந்து, இங்கே பதிவாகி முடிய அந்தக் காலம் உதவியது.

கிண்ணியாக் குடும்பம் முதலில் புரட்டாதியில் வந்தது. பிடித்திருக்கிறது, ஆனால் மாரி மழை தொடங்கிய பின் இன்னொரு தடவை பார்த்துவிட்டே முடிவு சொல்வோம் என்றார்கள். தரகர் அதை விரும்பவில்லை. எனக்கோ, அதைவிட நேர்மையான வேண்டுகோளை அதுவரை யாரும் முன்வைக்கவில்லை என்று தோன்றியது. கார்த்திகையில், இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குள் வந்தார்கள். ஓடு ஒழுகவில்லை, முற்றத்துத் தண்ணீர் வெட்டிய வாய்க்கால் வழியே ஓடியது, சுவரடி காய்ந்திருந்தது. கேட்ட விலையில் சிறிது குறைத்துக் கொடுத்தோம்.

தம்பலகாமத்திலிருந்து எழுதும் உறுப்பினர்:

ரீச்சர் உறுதிப் பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டதால், அந்தப் பகுதியில் நான் பட்டதைச் சேர்க்கிறேன். எங்கள் வீடும் ஒரு துண்டு மேட்டுக்காணியும் தாத்தாவுக்கு அரசாங்கம் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியில் இருந்தன. வீட்டுக்குச் சீற் மாற்றி, மலசலகூடத்துக்கு மாபிள் பதித்து, மதிலும் கட்டி முடித்த பிறகு வாங்குபவர் முற்பணத்தோடு வந்தார். உறுதி எழுத வந்த அவருடைய நொத்தாரிசு, எங்கள் அனுமதிப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததும், இது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் காணி என்றும், பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எழுதப்படும் எந்த உறுதியும் செல்லுபடியாகாது என்றும் சொல்லி எழுந்துவிட்டார். தாத்தாவுக்குப் பின் உரித்து யாருக்கு என்பதே எங்கள் குடும்பத்தில் பதிவாகியிருக்கவில்லை. முற்பணத்தை வாங்காமல் விட்டது மட்டுமே அன்று நடந்த நல்ல காரியம்.

வீட்டுக்குக் கைவைப்பதற்கு முன் உறுதியையும், நில அளவை வரைபடத்தையும், காணிப் பதிவகப் பிரதியையும், சோலைவரிப் பற்றுச்சீட்டுகளையும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள் என்று எல்லோரையும் மன்றாடிக் கேட்கிறேன். எங்களுக்கு இன்னும் அந்த வேலை முடியவில்லை. மதில் மட்டும் புதிதாக நிற்கிறது.

ரீச்சரிடம் ஒரு கேள்வி: எங்கள் பகுதி கடலுக்குத் தள்ளி இருந்தாலும் வயல் ஈரம் சுவரில் ஏறுகிறது. பூச்சைக் கொத்திய பின் எவ்வளவு காலம் விட்டீர்கள்?

உப்புவெளியிலிருந்து எழுதும் உறுப்பினர்:

எங்களுக்குப் பத்து வாரங்கள் எடுத்தன, தம்பி. நாட்களை எண்ண வேண்டாம் என்று மேசன் சொன்னார். தூரிகையால் தட்டும்போது வெள்ளைத் தூள் விழாமல், செங்கல்லின் சிவப்புத் தூள் மட்டும் விழும் வரை பொறுத்திருங்கள். தண்ணீர் கட்டிய வயலுக்கு அருகில் என்றால், அறுவடை முடிந்து நிலம் காய்ந்த பிறகே கொத்தத் தொடங்குவது நல்லது.