புதுப்பிப்பு: சீன மாணவர்களும் 'ரிஸ்க்' சொற்களும்

சிங்கப்பூரில் என் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வரும் சீன நாட்டுத் தொழிலாளர்களுக்கு டேஞ்சர் (ஆபத்து), ரிஸ்க் (ஆபத்தைத் துணிந்து ஏற்பது), ஜெபர்டைஸ் (ஒன்றை ஆபத்துக்கு உள்ளாக்குவது) மூன்றையும் எப்படிப் பிரித்துச் சொல்லித் தருவது என்று முன்பு கேட்டிருந்தேன். அவர்கள் மொழியிலிருந்தே தொடங்கச் சொன்னவர்களுக்கு நன்றி, அதுதான் பலன் தந்தது.

சீனத்தில் 'வேய்சியன்' என்ற ஒரே சொல் ஆபத்து என்றும் வரும், ஆபத்தான என்றும் வரும். 'வோ ஹென் வேய்சியன்' என்று ஒருவர் சொன்னால், 'நான் ஆபத்தில் இருக்கிறேன்' என்று பொருள் கொள்ளலாம். அதை அப்படியே 'ஐ ஆம் டேஞ்சரஸ்' ஆக்கினால், ஆபத்தே அவரால்தான் என்றாகிவிடுகிறது. கட்டுமான இடத்தில் உதவிக்குக் கத்தும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் 'ஐ ஆம் இன் டேஞ்சர்' என்பதைத்தான் முதலில் எடுத்தேன்.

ரிஸ்க் இன்னும் சிக்கல். இழக்கக்கூடியதும் அதன் பின்னால் வரும், நேரக்கூடியதும் வரும். 'ரிஸ்க் யுவர் லைஃப்' என்பதில் வருவது இழக்கக்கூடிய உயிர், 'ரிஸ்க் டெத்' என்பதில் நேரக்கூடிய சாவு; ஆனால் பொருள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! சீனத்திலோ 'மாவ் ஷெங்மிங் வேய்சியன்', அதாவது உயிராபத்தைத் துணிந்து ஏற்பது. இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் பிடித்துக்கொண்டார்கள். 'ரிஸ்க் டு லூஸ்' என்ற பிழை மட்டும் இன்னும் போகவில்லை. 'ரிஸ்க் லூசிங்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறோம்.

ஜெபர்டைஸ் பேச்சில் அதிகம் வராது, கடிதத்தில் பார்த்தால் புரிந்தால் போதும். அப்புறம், அடுத்த வகுப்பில் 'அட் ஸ்டேக்', அதாவது பணயத்தில் இருப்பது. நல்ல எடுத்துக்காட்டு இருந்தால் சொல்லுங்கள்.