ஃபங்ஷன் பாயின்டர் வைத்தால் டிரைவர் மெதுவாகிவிடுமா?

பிட்மாஸ்க்: "டிரைவரில் ஃபங்ஷன் பாயின்டர் வைக்கிறவனுக்கு சைக்கிளின் அருமை தெரியாது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார் (டிரைவர் என்றால் ஹார்ட்வேரை இயக்கும் கோடு, சைக்கிள் என்றால் சிப்பின் ஒரு கடிகாரத் துடிப்பு). படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஓபன், ரீட், ரைட் மூன்று ஃபங்ஷன்களின் முகவரிகளையும், அதாவது ஃபங்ஷன் பாயின்டர்களை, ஒரு ஸ்ட்ரக்டில் வைத்துவிட்டால், கீழே டேட்டா அனுப்புவது யூஆர்ட் வழியா எஸ்பிஐ வழியா என்ற கவலை மேலே உள்ள கோடுக்கு இல்லை. லினக்ஸ் கர்னலின் ஃபைல்_ஆபரேஷன்ஸ் என்ற ஸ்ட்ரக்ட் அப்படித்தான் இருக்கிறது.

பழையசி: எழுதியது நான்தான். மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை. என் சிப்பில் ரேமே 20 கேபி, இங்கே லினக்ஸ் எதற்கு? ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் ஆறு சைக்கிள் கூடுதல். கூப்பிடாமல் ஃபங்ஷனின் கோடை அங்கேயே பதிக்கும் இன்லைனும் போச்சு.

பிட்மாஸ்க்: அந்த ஆறையே கணக்குப் போடுவோம். 72 மெகாஹெர்ட்ஸ் சிப், யூஆர்ட் வேகம் 115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்). ஒரு பைட் போக சுமார் 87 மைக்ரோசெகண்ட், அதாவது 6250 சைக்கிள். அதில் ஆறுக்கா இவ்வளவு கோபம்?

பழையசி: வசதியாக யூஆர்ட்டை எடுத்துக்கொண்டீர்கள். எஸ்பிஐ 18 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு பைட்டுக்கு 32 சைக்கிள்தான். அதில் ஆறு போனால்?

பிட்மாஸ்க்: பைட்டுக்குப் பைட் பாயின்டர் வழியாகக் கூப்பிடச் சொன்னது யார்? பஃபரையும் நீளத்தையும் கொடுங்கள். 512 பைட்டுக்கு ஒரே ஒரு தடவை.

வாட்ச்டாக்: சைக்கிளை விடுங்கள். ஒரு பாயின்டரை நிரப்ப மறந்தால் என்ன ஆகும்? கார்டெக்ஸ்-எம்3 பிராசசர் 0 முகவரிக்குத் தாவப் பார்க்கும், முகவரியின் கடைசியில் 1 ஆக இருக்க வேண்டிய தம்ப் பிட் இல்லாததால் ஹார்ட்ஃபால்ட் என்ற பிழையில் போய் விழும். இரண்டு நாள் உட்கார்ந்து தேடியிருக்கிறேன். ஸ்டாக்குக்கு எவ்வளவு ரேம் வேண்டும் என்று கணக்கிடும் டூலும், எந்த ஃபங்ஷன் கூப்பிடப்படும் என்று தெரியாமல் அந்த இடத்தில் திணறும்.

பிட்மாஸ்க்: அந்த பாயின்டர் டேபிளை கான்ஸ்ட் (மாற்ற முடியாதது) ஆக்கி, எல்லாவற்றையும் கம்பைல் நேரத்திலேயே நிரப்புங்கள். ஃப்ளாஷில் போய் உட்காரும், ரேமும் மிச்சம்.

பழையசி: கான்ஸ்ட் பாடம் எல்லாம் வேண்டாம். போன மாதம் வாலடைல் விவாதத்திலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

பிட்மாஸ்க்: வாலடைலில் நான் சொன்னது இன்றைக்கும் சரிதான். மதிப்பை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் படி என்று கம்பைலருக்குச் சொல்வது அது. அது இல்லாமல், இன்டரப்ட் (ஹார்ட்வேரின் குறுக்கீடு) மாற்றிய ஃப்ளாகை லூப் பார்க்காமலே சுற்றியது உங்கள் கோடில். சரி, இதற்கு வாருங்கள். எந்த இன்டரப்டுக்கு எங்கே தாவுவது என்று சொல்லும் உங்கள் வெக்டர் டேபிளே ஃபங்ஷன் முகவரிகளின் வரிசைதானே?

பழையசி: அங்கே தாவுவது ஹார்ட்வேர். இங்கே முகவரியை லோடு செய்வது என் கோடு. ஆறு சைக்கிள்.

பிட்மாஸ்க்: 512 பைட்டுக்கு ஆறு! எம்3இலேயே சைக்கிள் கவுன்டர் இருக்கிறது, அளந்துவிட்டு எழுதுங்கள்.

பழையசி: அளந்தாகிவிட்டது. ஆறுதான்.