ஏசாயா 53:9 சொல்லும் ‘ஐசுவரியவான்’ அரிமத்தியா யோசேப்புதானா?

மறைமாணவன்:
“துன்மார்க்கரோடே அவருடைய பிரேதக்குழியை நியமித்தார்கள், ஆனாலும் அவர் மரித்தபோது ஐசுவரியவானோடே இருந்தார்” என்கிறது பழைய ஏற்பாட்டின் ஏசாயா 53:9. கள்வர் இருவர் நடுவே சிலுவையில் மாண்ட இயேசுவுக்குக் குற்றவாளிகளின் குழிதான் காத்திருந்தது. ரோம ஆளுநர் பிலாத்துவிடம் துணிந்து போய் உடலைக் கேட்டு வாங்கி, தம் புதிய கல்லறையில் அதை வைத்தவர் அரிமத்தியா யோசேப்பு. அவரை ‘ஐசுவரியவான்’ என்றே மத்தேயு 27:57 குறிப்பிடுகிறது. இதைத் தீர்க்கதரிசனம் என்னாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஏடுதேடி:
நண்பரே, உங்கள் வாதம் முழுவதையும் ‘ஆனாலும்’ என்ற ஒரு சொல்லே தாங்கி நிற்கிறது. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘வாவ்’ என்ற ஓரெழுத்து. பெரும்பாலும் அதன் பொருள் நம் ‘உம்’தான். சொன்னதையே வேறு சொற்களால் மறுபடி சொல்வது எபிரேயச் செய்யுளின் இயல்பு. அப்படி வாசித்தால், ஐசுவரியவான் துன்மார்க்கருக்கு எதிரே நிற்கவில்லை, அவர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறான். ஐசுவரியவான்கள் கொடுமை நிறைந்தவர்கள் என்று மீகா 6:12 சாடுவதும் இந்தப் போக்கில்தான். இன்னொன்றும் உண்டு. எடுத்ததற்கெல்லாம் ‘நிறைவேறும்படி’ என்று எழுதுகிற மத்தேயு, யோசேப்பைப் பற்றிச் சொல்லும்போது ஏசாயாவை மேற்கோள் காட்டவே இல்லை. அவருக்கு முன்பே எழுதிய மாற்கோ யோசேப்பைக் கனம்பொருந்திய ஆலோசனைக்காரர் என்கிறாரே தவிர, பணக்காரர் என்று சொல்லவில்லை.

கல்லறைவாசகன்:
இருவரும் சொல்லாராய்ச்சியிலேயே நின்றுவிட்டதால், அடக்கம் எப்படி நடந்தது என்பதை யாருமே தொடவில்லை. மரத்தில் தூக்கப்பட்டவனின் பிரேதம் இரவு முழுவதும் அங்கே இருக்கக் கூடாது என்பது உபாகமம் 21:23-இன் கட்டளை. சிலுவையில் அறையப்பட்டவர்களையும் யூதர்கள் சூரியன் மறையுமுன் இறக்கி அடக்கம் செய்ததாக முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். 1968இல் எருசலேமின் வடபகுதியில் ஒரு குடும்பக் கல்லறையைத் தோண்டியபோது, யெஹோஹனான் என்ற பெயர் பொறித்த சுண்ணாம்புக்கல் எலும்புப்பெட்டி கிடைத்தது. அதற்குள் இருந்த குதிகால் எலும்பில் சுமார் 11.5 சென்டிமீட்டர் நீள இரும்பாணி நுனி வளைந்தபடி இன்னும் செருகியிருந்தது. வளைந்ததால் உருவ முடியாமல் அப்படியே விட்டிருக்க வேண்டும். ஆக, சிலுவையில் செத்தவனுக்கும் முறையான அடக்கம் கிடைத்திருக்கிறது. தசை அழிந்தபின் எலும்புகளைச் சேகரித்துப் பெட்டியில் இடும் வழக்கமும் அவனுக்கு மறுக்கப்படவில்லை.

மறைமாணவன்:
இந்தச் சான்று என் பக்கம்தான் பேசுகிறது.

ஏடுதேடி:
அடக்கம் நடந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. அதை நான் எப்போதும் மறுக்கவில்லை. மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் காக்க யூத ஆலோசனைச் சங்கத்தார் எவரும் செய்திருக்கக்கூடிய கடமை என்றால், யோசேப்பின் செல்வம் அதற்கு எதற்கு?

கல்லறைவாசகன்:
அங்கேதான் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீதிமன்றம் கொன்றவர்களை முன்னோர் கல்லறையில் வைக்காமல், அதற்கென ஒதுக்கிய இடத்தில் புதைத்து, தசை அழிந்தபிறகே எலும்புகளைக் குடும்பத்தாரிடம் விட வேண்டும் என்று யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. மிஷ்னா கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது என்பதாலும், இயேசுவைக் கொன்றது ரோமர் என்பதாலும் இதை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். ஆனால் ஒருவரும் வைக்கப்படாத புதிய கல்லறை என்று யோவான் 19:41 அழுத்திச் சொல்வதைப் பாருங்கள்: அங்கே தீட்டுப்பட எந்த மூதாதையின் எலும்பும் இல்லை. பாறையில் வெட்டிய அப்படிப்பட்ட கல்லறை ஏழைக்குக் கிடைக்காது. அடக்கத்துக்கு நிக்கொதேமு என்ற யூதத் தலைவர் கொண்டுவந்ததாக யோவான் சொல்லும் நூறு இராத்தல், அதாவது சுமார் 33 கிலோ, வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஆகிய நறுமணப் பொருள்கள் கூடக் குற்றவாளிக்குச் செய்யும் அடக்கமல்ல.

ஏடுதேடி:
கல்லறைக்குப் பணம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். அந்த நூறு இராத்தலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவ்வளவு சுகந்தவர்க்கம் ஏற்கெனவே இட்டிருந்தால், மாற்கு 16:1-இல் பெண்கள் எதற்காக மறுபடி வாங்கிக்கொண்டு வந்தார்கள்?

மறைமாணவன்:
அவர்கள் கல்லறையைப் பார்த்தார்கள் என்று மாற்கு 15:47 சொல்கிறதே தவிர, நிக்கொதேமு செய்ததை அறிந்திருந்தார்கள் என்று சொல்லவில்லை. ‘ஆனாலும்’ என்ற சொல்லை இனி நான் ஆதாரமாக எடுக்க மாட்டேன். ஆயினும் மூலத்தில் ‘துன்மார்க்கர்’ பன்மையாகவும் ‘ஐசுவரியவான்’ ஒருமையாகவும் நிற்பதற்கு ஏடுதேடி இன்னும் விளக்கம் தரவில்லை.