மறுமொழி: தொட்டியைச் ‘சைக்கிள்’ செய்வதற்குத் தமிழில் என்ன? ‘பழக்குதல்’ என்பது என் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அலங்கார இறால் வளர்ப்புக் கையேட்டுக்கான சொற்களில் வடிகட்டி, அடிமண், கடினத்தன்மை, தோலுரிப்பு எல்லாம் பெரிய வாதம் இல்லாமல் முடிந்துவிட்டன. ‘சைக்கிளிங்’ மட்டும் நகரவில்லை. இறாலுக்கு நஞ்சான அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களை, இறாலை விடுவதற்கு முன்பே தொட்டியில் பெருக்கி வைப்பதுதான் அது. அது நகராமல் கையேடும் நகராது. முதல் முறை நன்னீர்த் தொட்டி வைப்பவருக்கு நாம் சொல்லப்போவதில் முக்கியமானதே அதுதான்: தண்ணீர் ஊற்றிய கையோடு இறாலை விடாதீர்கள்.

என் முன்மொழிவு ‘பழக்குதல்’. தொட்டியைப் பழக்குதல், தொட்டி பழகுதல், பழகிய தொட்டி. காரணத்தைச் சொல்வதற்கு முன் இதுவரை வந்தவற்றைப் பார்த்துவிடலாம்.

> நைட்ரஜன் சுழற்சி பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ‘சுழற்சியூட்டல்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு நைட்ரஜன் சுழற்சி, இலங்கையில் படித்தவர்களுக்கு நைதரசன் வட்டம். இரண்டுமே இயற்கையில் நடப்பதற்குச் சரியான பெயர்கள். ஆனால் தொட்டிக்குள் நடப்பது அந்த வட்டத்தில் ஒரு துண்டுதான். இறாலின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா வருகிறது. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன, பிறகு நைட்ரேட் ஆக்குகின்றன. பெரும்பாலும் அதோடு சரி. நைட்ரேட்டைச் செடிகள் உறிஞ்ச வேண்டும், இல்லையென்றால் நாம் தண்ணீரை மாற்றி வெளியேற்ற வேண்டும். எதுவும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருவதில்லை. அப்புறம், ‘உங்கள் தொட்டியில் சுழற்சி முடிந்துவிட்டதா?’ என்று கேட்டுப் பாருங்கள். முடிந்துபோவது எப்படிச் சுழற்சி ஆகும்? இன்னொரு சிக்கலும் உண்டு. வடிகட்டி தண்ணீரைச் சுற்றவிடுவதையும் நாம் சுழற்சி என்றே எழுதியிருக்கிறோம். ‘மோட்டார் ஓடுகிறது, சுழற்சி நடக்கிறது’ என்று புதியவர் நினைத்தால் தவறு அவர்மேல் இல்லை, சொல் கொடுத்த நம்மேல்தான்.

> செயலைத் துல்லியமாகச் சொல்லும் பெயர் வேண்டும். ‘ஈரடுக்கு நைட்ரேட்டாக்கம்’ எப்படி?

துல்லியம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் செயல்முறையையே பெயரில் எழுதிவிட்டால், அறிவியல் ஒரு அடி நகரும்போது பெயர் பொய்யாகிவிடும். 1890 வாக்கில் நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்ததிலிருந்து வெகுகாலம், முதல் படியை ஒரு கூட்டமும் இரண்டாம் படியை வேறொரு கூட்டமும் செய்கின்றன என்றே பாடம். இரண்டாம் படிக்கு நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா என்று தொட்டி வளர்ப்போர் மனப்பாடமாகச் சொல்லிவந்தார்கள். 1998இல் நன்னீர்த் தொட்டிகளில் மரபணு முறையில் தேடியபோது அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறு பாக்டீரியா என்று தெரிந்தது. 2015இல், நைட்ரோஸ்பைராவிலேயே சில வகைகள் இரண்டு படிகளையும் தனியாளாகவே செய்துமுடிக்கின்றன என்று கண்டார்கள். ‘ஈரடுக்கு’ அங்கேயே அடிபட்டுவிடுகிறது. ‘நைட்ரேட்டாக்கம்’ வேதிவினையின் பெயராக இருக்கட்டும். அது நல்ல சொல், கையேட்டில் வேறு இடத்தில் வரும். நாம் தேடுவது தொட்டி வைப்பவர் செய்யும் வேலையின் பெயர்.

> ‘நீர் பதப்படுத்துதல்’ என்றால் எளிமையாக இருக்குமே.

எளிமைதான், ஆனால் ஆபத்தான எளிமை. பதப்படுவது நீர் இல்லை. இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். வடிகட்டியின் பஞ்சிலும், அடிமண்ணிலும், இலைகளின் மேலும், கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. பழைய தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினால் பெரிதாகப் பயன் இல்லை. அதே தொட்டியின் பஞ்சை ஈரம் காயாமல் கொண்டுவந்து வைத்தால் வாரக் கணக்கில் நேரம் மிச்சம். (அந்தப் பஞ்சுக்கு ‘விதைப்பஞ்சு’ என்று பெயர் வைக்கலாம் என்று தோன்றுகிறது.) நீர் பதப்படுகிறது என்று நம்பியவர் தண்ணீரை மாற்றவே பயப்படுவார். ஆனால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சைப் பிழிந்து சுத்தமாகக் கழுவிவிடுவார். இரண்டுமே தலைகீழ்.

சரி, ‘பழக்குதல்’ ஏன்?

புது மண்சட்டியை வாங்கியதும் அடுப்பில் ஏற்றுவதில்லை, பழக்கிவிட்டுத்தான் ஏற்றுகிறோம். பொருளுக்குப் ‘பழக்குதல்’ என்று சொல்வது நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. சட்டி பார்ப்பதற்கு அன்றும் இன்றும் ஒன்றுதான், ஆனால் பழகிய சட்டி வேறு, பழகாத சட்டி வேறு. தொட்டியும் அப்படித்தான்.

காளையை ஏருக்குப் பழக்குகிறோம் என்பதிலும் இதே சொல்தான். எனக்கு இந்தப் பொருள்தான் இன்னும் நெருக்கம். சும்மா கட்டிப்போட்ட காளை பழகாது. வேலை கொடுக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தொட்டியை வெறும் தண்ணீரோடு இரண்டு மாதம் ஓடவிட்டாலும் அம்மோனியா இல்லையென்றால் நுண்ணுயிர் பெருகாது. காலத்தையும் இந்தச் சொல் தன்னோடு கொண்டுவருகிறது. சாதாரண பாக்டீரியாக்களில் சில, அரை மணிக்குள் இரட்டிக்கும். நைட்ரேட்டாக்கிகளுக்கு அரை நாளிலிருந்து ஒரு நாளுக்கு மேலும் ஆகும். நான்கு முதல் ஆறு வாரம் என்று நாம் எழுதுவது அதனால்தான். ‘பழக நாளாகும்’ என்றால் அந்த வாரங்களை யாரும் விளக்கம் கேட்காமல் ஏற்றுக்கொள்வார்கள்.

சொல் குடும்பமும் தானாக அமைகிறது. பழகாத தொட்டி. பாதி பழகிய தொட்டி (அம்மோனியா இறங்கிவிட்டது, நைட்ரைட் இன்னும் உச்சியில்). வடிகட்டி பல மணி நேரம் நின்று, பஞ்சுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து, நுண்ணுயிர் செத்துப்போனால்? ‘தொட்டிக்குப் பழக்கம் விட்டுப்போச்சு.’ இந்த வாக்கியத்தைப் புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே வாயில் இருக்கிறது. சுழற்சியிலிருந்து இப்படி ஒன்றை எடுக்க முயன்றேன், முடியவில்லை.

என் முதல் தொட்டி 30 லிட்டர். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. விற்றவர் மூன்று நாள் போதும் என்றார். நான்காம் நாள் பத்துச் செர்ரி இறால்களை விட்டேன். நலமாக இருக்கும் இறால் ஓர் இடத்தில் உட்கார்ந்து, முன்கால்களின் சின்ன இடுக்கிகளால் மாறி மாறிக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டே இருக்கும், நிறுத்தவே நிறுத்தாது. என்னுடையவை உட்காரவில்லை. கண்ணாடி ஓரமாக மேலும் கீழும் நீந்திக்கொண்டே இருந்தன. மறுநாள் காலையில் பாசிக்கொத்தின் மேல் ஒன்று வெளிறிய ரோஜா நிறத்தில் சாய்ந்து கிடந்தது. சோதனைக்குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியா பச்சையாகத் திரும்பியிருந்தது. ஒரு வாரத்தில் எட்டு போய்விட்டன. ‘சைக்கிள் ஆகலையா?’ என்று அப்போது ஒருவர் கேட்டார், எனக்குப் புரியவில்லை. ‘தொட்டி பழகலையா?’ என்று கேட்டிருந்தால் அந்த நொடியே உறைத்திருக்கும். இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் இதுதான்.

இனி எதிர்வாதம். இதைப் போன வாரம் எழுதிய அக்காவுக்கு நன்றி, இது உண்மையான சிக்கல்.

> கொண்டுவந்த இறாலைப் புதுத் தண்ணீருக்குச் சொட்டுச் சொட்டாக ‘பழக்குகிறோமே’. அதையும் இதையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

பையில் வந்த தண்ணீரோடு இறாலை ஒரு பாத்திரத்தில் விட்டு, தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாக ஓரிரு மணி நேரம் சொட்டவிடுவது தனி வேலை. அங்கே மாறுவது இறாலின் உடல், இங்கே மாறுவது தொட்டி. ஒரே கையேட்டில் இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடு. அதற்கு ‘இணக்குதல்’ என்று வைத்துக்கொள்ளலாம்: இறாலை நீருக்கு இணக்குதல், சொட்டு இணக்கம். தொட்டியைப் பழக்கு, இறாலை இணக்கு. ஒன்றுக்கு வாரங்கள், மற்றதற்கு மணிகள்.

‘முதிர்ந்த தொட்டி’ என்ற முன்மொழிவை நான் ஒதுக்கவில்லை, வேறு இடத்துக்கு வைத்திருக்கிறேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்ததும் தொட்டி பழகிவிட்டது. ஆனால் இறால் குஞ்சுகள் மேய்வதற்கு இலைகளிலும் கட்டைகளிலும் உயிர்ப்படலம் (நுண்ணுயிர்களின் மெல்லிய படிவு) படிய வேண்டும், அதற்கு இன்னும் சில வாரம் பிடிக்கும். மீன் வளர்ப்பவருக்குப் பழகிய தொட்டி போதும். இறாலுக்குப் பழகி முதிர்ந்த தொட்டிதான் நல்லது.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் எந்தச் சொல்லையும் ஏற்கக்கூடாது என்பதால், கையேட்டுப் பகுதியை எழுதிப் பார்த்தேன்:

“தொட்டியைப் பழக்க, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா சேருங்கள். அது குறையக் குறைய மீண்டும் சேருங்கள். முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு இறங்கும், நைட்ரேட் தோன்றும். சேர்த்த 2 மில்லிகிராமும் 24 மணி நேரத்துக்குள் தீர்ந்து, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமாக நின்றால் தொட்டி பழகிவிட்டது. நைட்ரேட்டாக்கம் நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும், நீரின் பி.எச். 6க்குக் கீழே இறங்கினால் தொட்டி பழகுவது மிகவும் மெதுவாகிவிடும், அதையும் சோதியுங்கள். இறால் விடுவதற்கு முன் பெருமளவு தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறையுங்கள். பழக்கம் பஞ்சிலும் மண்ணிலும் இருப்பதால் தண்ணீர் மாற்றினால் போய்விடாது.”

கடைசி வாக்கியத்தை எழுதும்போது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. ‘சுழற்சி பஞ்சில் இருக்கிறது’ என்று எழுத முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை வரை மறுப்பு வந்தால் பேசுவோம், இல்லையென்றால் பழக்குதல், இணக்குதல், முதிர்தல் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அதற்குள் இன்னொன்றையும் யோசித்து வையுங்கள். மேலே ‘பாசிக்கொத்து’ என்று நான் எழுதியது கட்டையில் கட்டி வளர்க்கும் ஜாவா மாஸ் என்ற செடி. கண்ணாடியில் பச்சையாகப் படியும் ஆல்காவையும் நாம் பாசி என்றே சொல்கிறோம். ‘பாசியைச் சுரண்டி எடுங்கள்’ என்று கையேட்டில் வந்தால், வாசகர் எதைச் சுரண்டுவார்?