புதுப்பிப்பு: சிலாஜிசத்தில் எங்கே தவறினேன் என்று பிடிபட்டுவிட்டது

மூன்று வாரம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன்: வங்கித் தேர்வுக்கான மாதிரித் தாள்களில் சிலாஜிசம் (கொடுத்த கூற்றுகளிலிருந்து எந்த முடிவு கண்டிப்பாக வரும் என்று கண்டுபிடிப்பது) ஐந்து கேள்வி வந்தால் மூன்று தவறாகிறது, வென் படம் (ஒவ்வொரு வகைக்கும் ஒரு வட்டம்) போட்டும் பலனில்லை என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தவறு படத்தில் இல்லை. ஒரே ஒரு படம் போட்டு அதையே நம்பியதுதான் தவறு. முடிவு பொய்யாகும்படி இன்னொரு படம் வரைய முடிகிறதா என்று இப்போது பார்க்கிறேன். முடிந்தால் அந்த முடிவு நிற்காது.

என்னை அதிகம் கவிழ்த்தது 'ஒன்லி எ ஃபியூ'. 'ஒரு சில பேனாக்கள் மட்டுமே புத்தகங்கள்' என்றால் சில பேனாக்கள் புத்தகம், சில பேனாக்கள் கண்டிப்பாகப் புத்தகம் இல்லை. ஆக, 'எல்லாப் பேனாக்களும் புத்தகங்களாக இருக்கலாம்' என்பது தவறு. ஆனால் 'எல்லாப் புத்தகங்களும் பேனாக்களாக இருக்கலாம்' என்பது சரி! இந்தத் திருப்பத்தைத் தாளில் வரைந்து பார்த்தபோதுதான் மண்டையில் ஏறியது.

அப்புறம் 'இரண்டில் ஒன்று' விடை, அதாவது கொடுத்த இரண்டு முடிவுகளில் ஏதோ ஒன்று கண்டிப்பாகச் சரி என்பது. 'சில பேனாக்கள் நாற்காலிகள்', 'எந்தப் பேனாவும் நாற்காலி அல்ல' என்று ஒரே ஜோடி வந்து, தனித்தனியே இரண்டுமே உறுதியாகாவிட்டால் மட்டும் அதைக் குறிக்கிறேன்.

நேற்றைய மாதிரித் தேர்வில் ஐந்தும் சரி. பல வங்கித் தேர்வுகளின் முதல்நிலையில் ரீசனிங் (தர்க்கத் திறன்) பகுதியில் 35 கேள்விக்கு 20 நிமிடம்தானே, சிலாஜிசத்துக்கு மூன்று நிமிடம் ஒதுக்கினேன். அடுத்து இருக்கை அமர்வுப் புதிர்கள், அதில் இன்னும் திணறல்தான்.